எந்த மாதத்து மண்?

2019 ஏப்ரலில், எம்.இ. முதலாம் ஆண்டு படிக்கும்போது, குமரி மாவட்டம் அருமனைக்குப் பக்கத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டு அடுக்களைக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து கத்தியால் மண்ணைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். வீடு கட்டிய காலத்தில் மம்பட்டியும் கூந்தாலியும் வைத்து ஆட்கள் வெட்டி இறக்கிய மண்திட்டு அது. ஐந்து மீட்டர் உயரம், ஏறக்குறைய செங்குத்து. மேலே ரப்பர் விளை, அதாவது தோட்டம். கத்தி உள்ளே இறங்கவே இல்லை. செங்கல்லைச் சுரண்டுவது போல ஒரு சத்தம். ஒரு மணி நேரம் பாடுபட்டு, மூலை உடையாமல் இரண்டு கட்டி எடுத்தேன். பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மெழுகு ஊற்றி, மடியில் வைத்துப் பேருந்தில் கல்லூரிக்குக் கொண்டுபோனேன்.

ஆய்வுக்கூடத்தில் ஷியர் பாக்ஸ் என்று ஒரு பெட்டி உண்டு. ஆறு சென்டிமீட்டர் சதுரம், உள்ளங்கையில் அடங்கிவிடும். நடுவில் குறுக்காக இரண்டாகப் பிரியும். மண்ணை உள்ளே வைத்து, மேலே எடையை ஏற்றி, ஒரு பாதியைப் பக்கவாட்டில் நகர்த்தினால் மண் எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கிறது என்று தெரியும். மூன்று எடைக்கு மூன்று தடவை செய்து வரைபடத்தில் புள்ளி வைத்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். கோட்டின் சாய்வு மண்துகள்கள் ஒன்றோடொன்று உரசும் உராய்வுக் கோணம். எடையே இல்லாதபோதும் மண்ணில் மிச்சம் இருக்கிற பலம் பிணைப்பு. 1776இல் பிரெஞ்சுக்காரரான கூலோம் எழுதிவைத்த சமன்பாடு இது. இன்றைக்கும் மண்சரிவுக் கணக்கு எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

சித்தப்பா வீட்டு மண்ணுக்கு உராய்வுக் கோணம் 30 பாகை, பிணைப்பு 30 கிலோபாஸ்கல் வந்தது. ஒரு சதுர மீட்டருக்கு மூன்று டன். செங்குத்தாக வெட்டிய மண் எவ்வளவு உயரம் தானாக நிற்கும் என்பதற்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு: பிணைப்பை நான்கால் பெருக்கி, ஒரு கன மீட்டர் மண்ணின் எடையால் வகுத்து, உராய்வுக்கான ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 30 பாகைக்கு அந்த எண் 1.73. கணக்குப் போட்டால் 11 மீட்டருக்கு மேல் வந்தது. நிற்பது ஐந்து மீட்டர்தான். மேலே வெடிப்பு விழுந்து மூன்றில் ஒரு பங்கு போனாலும் ஏழரை மீட்டர் தாங்கும். சித்தப்பாவைக் கூப்பிட்டு, “தைரியமா இருங்க, ஒண்ணும் ஆகாது” என்றேன்.

“நான் சொன்னேன் பாத்தியா” என்றார் அவர். “இருவது வருசமாட்டு நிக்குத மண்ணு மக்களே. இனி என்ன செய்யப் போவுது?”

இரண்டரை ஆண்டு கழித்து, 2021 நவம்பர் மழையில், அந்தத் திட்டு இரவு இரண்டு மணிக்கு மாட்டுத்தொழுவத்தின் மேல் விழுந்தது. மழை பலமாக இருக்கிறதே என்று சித்தி சாயங்காலமே மாட்டை அவிழ்த்து முற்றத்துப் பக்கம் கட்டியிருந்தாள். அதனால் உயிர்ச்சேதம் இல்லை. அடுக்களையின் பின்சுவர் போனது. மாடு கட்டியிருக்க வேண்டிய இடத்தில் காலையில் நெஞ்சளவு செம்மண் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் வாயிலிருந்து வந்த அந்த “ஒண்ணும் ஆகாது” தவிர வேறு எதுவும் எனக்கு நினைவில் இல்லை.

என் கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை இல்லை. சோதனையும் ஒழுங்காகத்தான் செய்திருந்தேன். நான் கேட்காமல் விட்டது ஒரே ஒரு கேள்வி: இது எந்த மாதத்து மண்?

இதைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம், அடுக்களை போதும். புட்டுக்கு மாவு நனைக்கிற அம்மாவைப் பாருங்கள். காய்ந்த அரிசி மாவைக் கையில் பிடித்தால் நிற்காது, விரல் இடுக்கில் உதிர்ந்துவிடும். கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசிறினால் பிடித்தால் பிடிபடும், உதிர்த்தால் உதிரும். அந்தப் பதத்தில்தான் குழலில் போட்டால் புட்டு நிற்கும். இன்னும் ஒரு கை தண்ணீர் கூடிப்போனால் குழைந்துவிடும். மாவு அதே மாவுதான். அதில் பசை எதுவும் நாம் சேர்க்கவில்லை. மாவுத்துகள்களுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. அதன் இழுவிசை துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. இடைவெளி முழுவதும் தண்ணீரால் நிரம்பிவிட்டால் இழுக்கப் படலம் ஏது?

மண்ணிலும் இதே கதைதான். நனைந்து, பாதி உலர்ந்த மண்ணில் நீர் துகள்களை உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. இதை உறிஞ்சுவிசை என்போம். ஏப்ரலில் என் கத்தியை மழுக்கியது பெரும்பாலும் அந்த விசைதான். நான் அதை மண்ணின் சொந்தப் பலம் என்று எண்ணிக் கணக்கில் ஏற்றிவிட்டேன். உண்மையில் அது வேனல் கொடுத்த கடன். மழை வந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டது.

விழுந்த பிறகு அதே திட்டில், விழாமல் மிச்சம் நின்ற பக்கத்திலிருந்து மறுபடியும் கட்டி எடுத்துப் போனேன். இந்தத் தடவை பெட்டியில் வைத்து ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டுத்தான் நகர்த்தினேன். உராய்வுக் கோணம் பெரிதாக மாறவில்லை. பிணைப்பு 30இலிருந்து 6க்கு வந்துவிட்டது. அதே சூத்திரத்தில் 6ஐப் போட்டால் நிற்கும் உயரம் 2.3 மீட்டர். மேலே வெடிப்பு விழுந்தால் ஒன்றரை மீட்டர்.

அப்படியானால் இருபது வருடம் அது எப்படி நின்றது? இந்தக் கேள்வியைத்தான் ஊரில் எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் சமநிலம் என்று ஒன்று வாய்ப்பது அரிது. ஊர்ப் பெயர்களில் பாதி விளை என்றுதான் முடியும். குன்றைக் குடைந்து பாதியை வெட்டி, வெட்டிய மண்ணை முன்பக்கம் தள்ளி நிரப்பித்தான் வீட்டுமனை உண்டாக்குகிறோம். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஒரு மழைக்காலம் என்றால் எங்களுக்கு இரண்டு. ஆனி ஆடியில் தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு. முதல் மழையில் ஊறிய மண் முழுதாக உலரும் முன்பே அடுத்தது வந்துவிடும். பல லட்சம் ஆண்டுகளாக இந்த ஈரத்திலும் வெயிலிலும் பாறை நைந்து நைந்து உண்டானதுதான் எங்கள் செம்மண். மேலே வெட்டுக்கல் போலக் கெட்டியான சிவப்பு அடுக்கு, அதற்குக் கீழே வெளிறிப்போன களிமண், அதற்கும் கீழே பாதி மக்கிய பாறை. பாறையாக இருந்த காலத்து விரிசல்கள் மண்ணான பிறகும் அழியாமல் கிடக்கும். விழுந்த திட்டின் முகத்தில் கை வைத்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் மெழுகு தடவியதுபோல வழவழவென்று, கறுப்புப் பூச்சுடன், சாய்வாக ஒரு தளம் இருந்தது. என் ஆறு சென்டிமீட்டர் பெட்டிக்குள் இப்படி ஒரு தளம் வர வாய்ப்பே இல்லை.

இவ்வளவு பலவீனமும் இருபது வருடமாக அங்கேதான் இருந்தது. ஆனால் மேலே ரப்பர் நின்றது. இலைக்கூரை மழையின் வேகத்தை உடைத்தது. வேர்கள் மண்ணைத் தைத்துப் பிடித்திருந்தன, நீரையும் குடித்தன. மழைநீர் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் இறங்குவதற்குள் மழை விட்டுவிடும். உள்ளே உறிஞ்சுவிசை மிச்சம் இருக்கும். 2020இல் மேல்விளைக்காரர் வயதான மரங்களை முறித்து மறுநடவுக்குக் குழி எடுத்தார், இடையில் அன்னாசி போட்டார். எங்கள் ஊரில் கைதச்சக்கை என்போம். பழைய வேர்கள் மண்ணுக்குள் மக்க ஆரம்பித்தன. ஒவ்வொரு குழியும் ஒரு சின்னக் குளமானது. அந்த விளையின் ஓரத்தில் புதிதாக வந்த ஒரு வீட்டின் கூரைத் தண்ணீர் முழுவதும் ஒரே குழாய் வழியாக எங்கள் திட்டின் தலைக்கு மேல் வந்து விழுந்தது. யார்மேலும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவரவர் விளையில் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். திட்டு ஒன்றுதான், அதன் மேல்பாதி ஒருவருக்கும் கீழ்பாதி இன்னொருவருக்கும் சொந்தம் என்பதுதான் எங்கள் ஊர்ச் சிக்கல்.

அப்புறம் அந்த வெடிப்பு. திட்டின் விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி, விளிம்புக்கு இணையாக ஒரு கோடு போல மண் பிளந்திருந்ததை செப்டம்பரிலேயே பார்த்ததாகச் சித்தப்பா பிறகு சொன்னார். விரல் நுழையும் அகலம். ‘விரல் அகலம்தானே’ என்று விட்டுவிட்டார். தண்ணீரின் அழுத்தத்துக்கு அகலம் ஒரு பொருட்டே இல்லை, ஆழம் மட்டும்தான் கணக்கு. விரல் அகல வெடிப்பில் இரண்டு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் இரண்டு டன் விசை திட்டை வெளியே தள்ளும். பேச்சிப்பாறை அணையின் நீரே அந்தப் பக்கம் நின்றாலும், அதே இரண்டு மீட்டர் ஆழத்துக்கு அதே இரண்டு டன்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். நான் போட்ட செங்குத்துச் சூத்திரம் மிகவும் எளிமையானது. உண்மையான சரிவுகளுக்குச் செய்கிற ஆய்வு வேறு. அது பிறந்த கதையே ஒரு சரிவுதான். 1916இல் ஸ்வீடன் நாட்டின் கோதன்பர்க் துறைமுகத்தில் ஒரு கப்பல்துறை சரிந்து விழுந்தது. அதை ஆராய்ந்த பெட்டர்சன், ஹுல்டின் என்ற இரு பொறியாளர்கள், மண் கண்டபடி உடைந்து விழவில்லை, ஒரு வட்டத்தின் வில்லைப் போன்ற தளத்தில் வழுக்கியிருக்கிறது என்று கண்டார்கள். ஊஞ்சல் பலகை போய்வரும் பாதையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேல்பகுதி கீழே இறங்குகிறது, அடிப்பகுதி முன்னால் பிதுங்கி எழுகிறது.

அந்தக் காலத்தில் ஸ்வீடனில் ரயில் கரைகளும் அடிக்கடி சரிந்தன. 1918 அக்டோபரில் யேத்தோ என்ற இடத்தில் ரயில்பாதைக் கரை சரிந்து, வந்த ரயில் அதில் கவிழ்ந்து 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைத்த மண் ஆய்வுக் குழுவை வழிநடத்திய ஃபெல்லேனியஸ், அந்த வட்டத்துக்குள் இருக்கும் மண்ணைச் செங்குத்தான துண்டுகளாக நறுக்கிக் கணக்கிடும் முறையை ஒழுங்குபடுத்தினார். ஒவ்வொரு துண்டின் எடையும் எவ்வளவு கீழே இழுக்கிறது, அதன் அடியில் இருக்கும் மண் எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்று தனித்தனியாகப் பார்த்து, கடைசியில் கூட்ட வேண்டும். பிடிப்பதை இழுப்பதால் வகுத்தால் வருவது பாதுகாப்புக் காரணி. ஒன்றுக்குக் கீழே போனால் விழும். நிரந்தரமான சரிவுக்குப் பொதுவாக 1.5 இருக்க வேண்டும் என்பார்கள். 1955இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பிஷப் என்ற பொறியாளர், துண்டுகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் அழுத்துவதையும் சேர்த்து முறையைத் திருத்தினார். நூறு வட்டம் வரைந்து, அதில் மிகக் குறைந்த எண் வருகிற வட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். முன்பு வாரக்கணக்கில் செய்த வேலை, இப்போது கணினியில் ஒரு நொடி.

அந்த ஒரு நொடிதான் எனக்குப் பயம். திரையில் 1.62 என்று இரண்டு தசம இடத்துடன் ஒரு எண் வந்துவிட்டால் யாருக்கும் கேள்வி கேட்கத் தோன்றாது. உள்ளே கொடுத்த பிணைப்பு 30 என்றால் ஒரு விடை, 6 என்றால் இன்னொரு விடை. நிலத்தடி நீர்மட்டத்தை ஆறு மீட்டர் கீழே வரைந்தால் ஒரு விடை, திட்டின் முகம் வரைக்கும் ஏற்றி வரைந்தால் வேறு விடை. மென்பொருள் இரண்டையும் ஒரே மாதிரி பச்சை வண்ணத்தில் காட்டும். 1920களில் டெர்சாகி என்ற மண் பொறியாளர் சொன்ன அடிப்படை இது: மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவதில்தான் உராய்வு இருக்கிறது, நடுவில் இருக்கும் நீர் அழுத்தம் கூடினால் துகள்களுக்கு இடையிலான அந்த அழுத்தம் குறைகிறது. எடை அப்படியே இருக்கும், பிடி தளர்ந்துபோகும். பிணைப்பே இல்லாத மணற்பாங்கான சரிவு உலர்ந்த நிலையில் 30 பாகை வரை நிற்கும் என்றால், மேலிருந்து கீழ்வரை நீர் நிரம்பிச் சரிவோடு சேர்ந்து ஓடும்போது 16 பாகைக்கு மேல் நிற்காது. ஏறக்குறைய பாதி.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை பக்கம் மலை இறங்கிய பிறகு, “நம்ம ஊருலயும் இப்படி வருமா?” என்று எல்லாரும் கேட்டார்கள். அங்கே நடந்தது செங்குத்தான மலைச்சரிவில் மண்ணும் பாறையும் நீரும் ஒன்றாகக் கலந்து ஓடை வழியாகக் கிலோமீட்டர் கணக்கில் பாய்ந்தது. எங்கள் வீட்டுத் திட்டுகள் விழுவது வேறு வகை. நாங்களே வெட்டி வைத்த சுவர், நாங்கள் படுத்துத் தூங்கும் இடத்திலிருந்து ஆறடி தூரத்தில். பெரிய செய்தியாகாது. 2021 நவம்பரில் நாகர்கோவில் – திருவனந்தபுரம் ரயில்பாதையில் மண் விழுந்து ரயில்கள் நின்றபோது அது செய்தியானது. 1979இல் திறந்த பாதை அது, குன்றுகளை வெட்டித்தான் போகிறது. அதே மழையில் எத்தனை அடுக்களைகளுக்குப் பின்னால் மண் இறங்கியது என்று யாரும் எண்ணவில்லை.

விழுந்த இடத்தில் என்ன செய்வது என்று வந்தபோது, ஊரில் எல்லாருக்கும் ஒரே யோசனைதான்: பெரிதாக ஒரு பக்கச்சுவர் கட்டு. எவ்வளவு கனம், எவ்வளவு கம்பி என்பதில்தான் பேச்சு. கொத்தனார் நல்ல வேலைக்காரர், எங்கள் தாத்தா வீட்டையும் அவர் அப்பாதான் கட்டினார். சுவரில் தண்ணீர் போகத் துளை விட வேண்டும் என்றதும் தயங்கினார். துளை வழியாகச் செம்மண் நீர் வடிந்து சுவர் அழுக்காகிறது என்று வீட்டுக்காரர்களே வந்து சிமென்ட் வைத்து அடைத்துவிடுகிறார்களாம். அவருக்கு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மூன்று மீட்டர் உயரச் சுவர். பின்னால் மண் மட்டும் இருந்தால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 2.7 டன் தள்ளும். அதே மண்ணில் தண்ணீர் மேல்வரை ஏறி நின்றால் கிட்டத்தட்ட 6 டன். இரண்டு மடங்குக்கும் மேல். அதில் நாலரை டன் வெறும் தண்ணீர். “அப்போ செவரு மண்ணுக்குக் கெட்டுதது இல்ல, தண்ணிக்குக் கெட்டுததா?” என்று கேட்டார். நான்கு வருடம் பொறியியல் படிக்கும்போது இவ்வளவு தெளிவாக ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

முடிவில் ஐந்து மீட்டரையும் ஒரே சுவராகத் தாங்க வேண்டாம் என்று தீர்மானித்தோம். மேல்பகுதியைச் சரித்து இரண்டு தட்டாக இறக்கினோம். இதற்கு மேல்விளையில் நான்கடி போனது. சித்தப்பா இரண்டு மாதம் பேசிப் பேசி, முன்பக்கம் வேறு நிலம் விட்டுக்கொடுத்துச் சம்மதம் வாங்கினார். தொழில்நுட்பத்தில் கஷ்டமான பகுதி அதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. திட்டின் தலைக்கு மேல் குறுக்காக ஒரு ஓடை வெட்டிப் பூசி, கூரைத் தண்ணீர்க் குழாயை அதில் சேர்த்துத் தெரு ஓடைக்குக் கொண்டுபோனோம். கீழே இரண்டு மீட்டர் உயரத்துக்கு மட்டும் கல்சுவர். சுவருக்குப் பின்னால் ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் வடிதுணி. அது இல்லாவிட்டால் நுண்மண் வந்து ஜல்லியை அடைத்துவிடும். ஐந்தடிக்கு ஒன்றாகக் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்த்துப் பிவிசி குழாய், மொத்தம் ஏழு. தட்டின் முகத்தில் வெட்டிவேர் நட்டோம். எங்கள் பக்கம் இராமச்சம் என்போம். இரண்டு மழையில் வேர் பிடித்துக்கொண்டது.

சித்தப்பாவுக்கு வேறு சில விஷயங்களும் சொல்லிக்கொடுத்தேன். விளிம்புக்கு இணையாக வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே களிமண் வைத்து இடித்து மூட வேண்டும், மேலே தார்ப்பாய் போட வேண்டும். வெடிப்பின் இரண்டு பக்கமும் ஆணி அடித்து இடைவெளியை அளந்து எழுதி வைக்க வேண்டும். நேராக நின்ற கமுகு சாய ஆரம்பித்தாலோ, திட்டின் அடியில் புதிதாக ஊற்று வந்தாலோ, அடி பிதுங்கினாலோ அடுக்களைப் பக்கம் யாரும் படுக்கக் கூடாது. குழாயில் தெளிந்த தண்ணீர் வந்தால் நல்லது, சுவர் தன் வேலையைச் செய்கிறது. கலங்கி வந்தால் உள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். பெருமழையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் திடீரென்று நின்றால் அது எல்லாவற்றையும்விட மோசம். தண்ணீர் எங்கோ உள்ளே தேங்குகிறது.

இப்போது நான் வேலை பார்க்கிற இடத்தில் யாராவது மண் அறிக்கையை நீட்டினால் முதலில் தேதியைப் பார்க்கிறேன். மார்ச், ஏப்ரலில் எடுத்த மாதிரி என்றால், ஊறவைத்துச் சோதித்தீர்களா என்று கேட்கிறேன். இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுகிறேன். வேலை தாமதமாகிறது என்று என்மேல் சிலருக்குக் கோபம் உண்டு.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி பதினோரு மணிக்குச் சித்தப்பாவிடமிருந்து போன். பின்னால் மழையின் இரைச்சலில் பாதிப் பேச்சு கேட்கவில்லை. குடையும் டார்ச்சுமாகச் சுவருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார்.

“மக்களே, ஆறு கொழாய்லயும் வருது. மூணாவதுல மட்டும் வரல்ல.”

கம்பி ஏதாவது இருந்தால் விட்டுக் குத்திப் பாருங்கள் என்றேன். போனை யாரிடமோ கொடுத்தார். சித்தி மூச்சு வாங்குவது கேட்டது. கொஞ்ச நேரம் கம்பி குழாயில் உரசும் சத்தம். அப்புறம் தண்ணீர் குபுக்கென்று கொட்டுகிற சத்தம்.

“தவள ஒண்ணு இருந்துது” என்றாள் சித்தி.

“தண்ணி எப்படி வருது? கலங்கலாவா?”

அவள் டார்ச்சை வாங்கிப் பார்க்கும் வரை காத்திருந்தேன்.

“முதல்ல கலங்கிச்சு. இப்போ தெளிஞ்சு வருது.”